பிழைப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்: ஆங்கிலப் பாடத்தைத் தீர்மானிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் எப்படிக் கற்பிக்கப்பட வேண்டும், தேர்வில் எப்படிக் கேட்கப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும், பாடநூல் குழுவினருக்கும், வினாத்தாள் அமைப்பவர்களுக்கும்,

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு எங்கள் மாவட்டத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் அதனுடன் ஒரு மெட்டீரியலும் வந்திருக்கின்றன. மெல்லக் கற்போருக்கானது என்று தலைப்பு. பிழை திருத்தும் வினாவுக்காக உள்ளே வரிசையாக வாக்கியங்கள். இடப்பக்கம் தவறானது, வலப்பக்கம் சரியானது. ஏன் தவறு, ஏன் சரி என்று ஒரு வரிகூட இல்லை. பொதுத்தேர்வு வரை இலக்கணத்துக்குத் தனி வகுப்பு வேண்டாம், இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்து தினமும் காலையில் ஸ்லிப் டெஸ்ட் வையுங்கள், மதிப்பெண்ணைப் பதிவேற்றுங்கள் என்பது உத்தரவு. விளக்கக் கூட்டத்தில், வகுப்பில் தமிழில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருப்பவர்கள் இதை வருத்தத்தோடு என்னிடம் சொன்னார்கள். அவர்கள் பணியில் இருப்பவர்கள், வெளியில் பேச முடியாது. நான் பேசலாம். அதனால் எழுதுகிறேன்.

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மாலை நேரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அந்த மெட்டீரியலை அவர்கள் கையில்தான் முதலில் பார்த்தேன். அது அவர்களுக்கு என்ன செய்கிறது என்பதையும் அவர்கள் நோட்டில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதக் கூடாது, ‘அபவுட்’டை நீக்கு என்று பட்டியல் சொல்கிறது. சரிதான். ஆனால் அதை மனப்பாடம் செய்த ஒரு பையன், ‘வி ஹேட் எ டிஸ்கஷன் தி எக்ஸாம்’ என்று எழுதியிருந்தான். ‘டிஸ்கஷன்’ பெயர்ச்சொல், அதற்கு ‘அபவுட்’ வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எண் வந்தால் ‘ஃபார்’ போடு என்று இன்னொரு வரி. அதை நம்பிய பிள்ளைகள் ‘ஃபார் 2021’ என்று எழுதுகிறார்கள். 2021 எண்தானே என்று கேட்கிறார்கள். பட்டியலின்படி அவர்கள் கேள்வி நியாயமானது.

இதைவிடக் கவலையானது ஒன்று உண்டு. ஸ்லிப் டெஸ்ட்டில் ‘ஹி டிட் நாட் கேம்’ என்பதை ‘ஹி டிட் நாட் கம்’ என்று பிழையில்லாமல் திருத்திய மாணவி, அதே நாள் மாலை என் முன்னால் உட்கார்ந்து விடுப்புக் கடிதம் எழுதினாள். ‘ஐ டிட் நாட் கேம் டு ஸ்கூல்’ என்று அதில் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஒன்று பட்டியலில் இருக்கும் வாக்கியம், மற்றொன்று அவளுடைய வாக்கியம். பட்டியல் அவளுடைய வாக்கியத்தைத் தொடவே இல்லை. ஆனால் பதிவேற்றப்பட்ட மதிப்பெண்ணில் அவள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவள்.

நான் உங்களிடம் சொல்ல வருவது இதுதான். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் கவனக்குறைவால் வருபவை அல்ல, சோம்பலால் வருபவையும் அல்ல. அவற்றில் பெரும்பாலானவை தமிழ் வாக்கிய அமைப்பிலிருந்து நேராக வருகின்றன. அதே தமிழைக் கொண்டே அவற்றில் பலவற்றைத் திருத்தவும் முடியும். அந்த வழியைத்தான் உங்கள் உத்தரவு அடைக்கிறது.

‘டிட் நாட் கேம்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். ‘வந்தான்’ என்பதற்கு எதிர்மறை என்ன என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ‘வரவில்லை’ என்று சொல்லும். ‘வந்தவில்லை’ என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. வந்தானில் இருந்த இறந்தகாலம் ‘வரவில்லை’யில் எங்கே போயிற்று? வினைச்சொல்லில் இருந்து உதிர்ந்துவிட்டது. ‘இல்லை’ வந்து ஒட்டியதும் வினை ‘வர’ என்று வெறுமையாகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அதேதான் நடக்கிறது: ‘டிட் நாட்’ வந்து சேர்ந்ததும் ‘கேம்’ தன் காலத்தை உதிர்த்துவிட்டு ‘கம்’ ஆகிறது. கரும்பலகையில் வந்தான் – வரவில்லை, போனான் – போகவில்லை, சாப்பிட்டான் – சாப்பிடவில்லை என்று எழுதி, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால், ‘டிட் நாட் கேம் என்பது வந்தவில்லை மாதிரி’ என்று பிள்ளைகளே சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர்களாகவே எழுதும் வாக்கியத்திலும் அந்தப் பிழை குறைகிறது. முழுவதும் போய்விடாது, மீண்டும் தலைகாட்டும். ஆனால் ‘வந்தவில்லை’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், உடனே அடித்துவிட்டு எழுதுவார்கள்.

‘டிட் யூ வென்ட்’ அப்படி எளிதில் போகாது. தமிழில் கேள்வி கேட்கும்போது காலம் உதிர்வதில்லை. ‘போனாயா’ என்பதில் ‘போனாய்’ அப்படியே இருக்கிறது, ‘ஆ’ மட்டும் ஒட்டுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் பிள்ளை ‘வென்ட்’டை விடாமல் வைத்துக்கொள்கிறது. அதனால் எதிர்மறையை முதலில் கற்பித்து, அது நன்றாகப் பதிந்த பிறகு, ‘டிட் நாட் கோ’வில் இருக்கும் அதே ‘டிட்’டை முன்னால் நகர்த்திக் கேள்வியாக்கிக் காட்ட வேண்டும். எதை முதலில் கற்பிப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதுகூடத் தமிழைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும். வகுப்பறையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். பட்டியல் தயாரித்தவர்கள் அவர்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஆர் கமிங்’ என்று எழுதுகிறார்கள். ‘என் நண்பர்களில் ஒருவர் வருகிறார்’ என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘நண்பர்களில்’ பன்மை, ‘வருகிறார்’ ஒருவருக்கான வினை. இரண்டு திருத்தமும் அந்த ஒரு தமிழ் வாக்கியத்துக்குள் இருக்கின்றன. ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’ போடுகிறார்கள். ‘ஏழையாக இருந்தாலும் ஆனால் நேர்மையானவர்’ என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் அவர்களுக்கே உறுத்தும். உடனே ‘ஆனால்’ போய்விடும், ‘பட்’டும் போய்விடும்.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பத்துக்கும் எண் வந்தால் இது, பெயர் வந்தால் அது என்ற விதி தேவையே இல்லை. ‘மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்’, ‘2021லிருந்து இங்கே இருக்கிறேன்’. ‘ஆக’ வரும் இடத்தில் ‘ஃபார்’, ‘இருந்து’ அல்லது ‘முதல்’ வரும் இடத்தில் ‘சின்ஸ்’. ‘காய்ச்சலாகக் கிடந்தான்’ என்பதில் வரும் ‘ஆக’ வேறு, ‘மூன்று நாளாகக் கிடந்தான்’ என்பதில் வரும் ‘ஆக’ வேறு என்று கூட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த வாக்கியத்தில் தமிழ் பாதி தூரம்தான் துணைக்கு வருகிறது. நாம் ‘மூன்று வருடமாக இருக்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம், ஆங்கிலம் ‘ஹேவ் பீன்’ கேட்கிறது. ‘ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று பிள்ளை எழுதினால், பாதியைச் சரியாகப் பிடித்துவிட்டது என்று முதலில் பாராட்ட வேண்டும். மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம். சிவப்பு மையால் முழு வாக்கியத்தையும் அடித்தால், எது சரி என்பதும் சேர்ந்து அழிந்துவிடும்.

‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’, ‘ஐ ஆம் நோயிங் இட்’ என்பவை ஊரெங்கும் கேட்பவை. ‘தினமும் பால் குடிக்கிறேன்’, ‘இப்போது பால் குடிக்கிறேன்’ என்று இரண்டுக்கும் எழுத்துத் தமிழில் ஒரே வினை போதும் என்பதால் இந்தப் பிழை வருகிறது. இதற்கு நான் சொல்லிக்கொடுத்து வந்த சோதனை ஒன்று உண்டு. தமிழில் ‘கொண்டிருக்கிறேன்’ போட்டுப் பார். ‘விளையாடிக்கொண்டிருக்கிறேன்’ நிற்கிறது, அதனால் ‘ஐ ஆம் ப்ளேயிங்’ நிற்கும். ‘எனக்கு இரண்டு தங்கைகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று யாராவது சொல்வார்களா? ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’? சொல்ல மாட்டார்கள். அங்கே ‘இங்’ வேண்டாம். இந்தச் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது. ‘நம்பிக்கொண்டிருக்கிறேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், ‘ஐ ஆம் பிலீவிங்’ என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட சிலவற்றைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். சோதனை செல்லாத இடத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகள் அதை நம்பிப் பயன்படுத்துவார்கள்.

பிறர் கூற்றாக மாற்றுவதில் வரும் பிழைக்கும் காரணம் இருக்கிறது. ‘எங்கே போகிறாய் என்று கேட்டார்’ என்னும்போது, கேட்டவர் வாயில் வந்த கேள்வியை அப்படியே வைத்து ‘என்று’ சேர்த்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்தக் கேள்வி கேள்வியாக இருக்கக் கூடாது, சாதாரண வாக்கியமாக மாற வேண்டும்: ‘வேர் ஐ வாஸ் கோயிங்’. ‘நான் எங்கே போகிறேன் என்பதைக் கேட்டார்’ என்று தமிழில் ஒருமுறை மாற்றிச் சொல்ல வைத்துவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். அட்டவணை போட்டு ‘திஸ்’ வந்தால் ‘தட்’, ‘டுமாரோ’ வந்தால் ‘தி நெக்ஸ்ட் டே’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிடிபடுவதில்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் வழு, வழாநிலை, வழுவமைதி இருக்கிறது. திணை, பால், இடம், காலம் எங்கெங்கே பிறழும் என்று பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். அதே பிள்ளைகள் ‘மாடுகள் மேய்கிறது’ என்று தமிழ்க் கட்டுரையில் எழுதுகிறார்கள், ‘கவ்ஸ் ஈட்ஸ் கிராஸ்’ என்று ஆங்கிலக் கட்டுரையில் எழுதுகிறார்கள். தமிழாசிரியர் ஒன்றை வட்டமிடுகிறார், ஆங்கில ஆசிரியர் மற்றொன்றை வட்டமிடுகிறார். இரண்டும் ஒரே பிழை. பேச்சில் ‘மாடுங்க மேயுது’ என்றுதான் சொல்கிறோம், அஃறிணையில் ஒருமை பன்மை பார்ப்பதில்லை. அந்தக் காது எழுத்துக்கும் வருகிறது. இரண்டு ஆசிரியர்களும் ஒரு வகுப்பில் சேர்ந்து நின்று ‘மேய்கிறது – மேய்கின்றன’, ‘ஈட்ஸ் – ஈட்’ என்று நடத்தினால் தமிழும் தேறும், ஆங்கிலமும் தேறும். நான் பணியில் இருந்தபோது ஒரு தமிழாசிரியையோடு சேர்ந்து இதைச் செய்திருக்கிறேன். பெயர்ச்சொல்லில் ‘எஸ்’ இருந்தால் வினையில் பெரும்பாலும் ‘எஸ்’ வராது, வினையில் ‘எஸ்’ இருந்தால் பெயரில் பெரும்பாலும் இருக்காது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். நாங்களாகச் சொல்லியிருந்தால் அது இன்னொரு விதியாகவே போயிருக்கும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ மூன்றும் அப்படி. ‘ஒரு’ நம்மிடம் இருக்கிறது, ‘தி’க்கு நிகரான தனிச் சொல் நம்மிடம் இல்லை. ‘ஆன்’ எழுத்தைப் பார்த்துப் போடுவதல்ல, ஒலியைப் பார்த்துப் போடுவது என்பதைக் காதால்தான் கற்க முடியும். மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘அவர்’ என்று உயிரொலியில் தொடங்குவதால் ‘ஆன் அவர்’, ‘யூனிவர்சிட்டி’ யகரத்தில் தொடங்குவதால் ‘ஏ யூனிவர்சிட்டி’. இதற்கு வாசித்துக் காட்ட வேண்டும், வாசிக்க வைக்க வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்க வைக்க வேண்டும். இடத்தையும் நேரத்தையும் குறிக்கும் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ போன்ற சொற்களும் அப்படித்தான். நேரம் தேவைப்படும் பகுதி இதுதான். அந்த நேரத்தைத்தான் ஸ்லிப் டெஸ்ட்டுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

‘இதெல்லாம் இந்திய ஆங்கிலம், திருத்த வேண்டியதில்லை’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உச்சரிப்பிலும் சொற்களிலும் நமக்கென்று ஓர் ஆங்கிலம் இருப்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் ‘டிட் நாட் கேம்’ இந்திய ஆங்கிலம் அல்ல. நகரத்துப் பெரிய பள்ளியில் படித்த பிள்ளை அதை எழுதாது. கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைதான் எழுதும், நேர்முகத் தேர்வில் அதற்காக நிராகரிக்கப்படுவதும் அந்தப் பிள்ளைதான்.

அதிகாரிகளில் சிலர் வேறொரு வாதம் வைக்கிறார்கள். இலக்கணமே தேவையில்லை, பேசினால் தானாக வந்துவிடும், இது நிரூபிக்கப்பட்டது என்கிறார்கள். 1979 முதல் 1984 வரை பெங்களூருவிலும் சென்னையிலும் பள்ளிகளில் மொழி கற்பித்தல் ஆய்வாளர் என். எஸ். பிரபு நடத்திய சோதனையைத்தான் அவர்கள் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சோதனை மீது எனக்கு மரியாதை உண்டு. அதில் இலக்கண விதிகளை நேராக நடத்தவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே பிள்ளைகளுக்கு ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, யோசித்து விடை காண வைத்தார்கள். பொருளைத் தேடும்போது மொழி உள்ளே போகும் என்பது அவர் கருத்து. பட்டியலை ஒப்பிப்பதில் இலக்கணமும் இல்லை, பொருளும் இல்லை. பிரபுவின் வழியில் போக விரும்பினால் அதற்கான பாடங்களையும் பயிற்சியையும் கொடுங்கள். இலக்கணத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனப்பாடத்தை வைத்துவிட்டு, அதற்கு அவர் சோதனையைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

பிழைகளை வேறு கண்ணோடு பார்க்கச் சொன்ன மொழியியலாளர்களும் உண்டு. மாணவர் செய்யும் பிழை, அவர் இதுவரை எதைக் கற்றிருக்கிறார் என்பதை ஆசிரியருக்குக் காட்டுகிறது என்று பிட் கார்டர் 1967இல் எழுதினார். களைப்பிலோ அவசரத்திலோ வரும் தடுமாற்றத்தையும், மனத்தில் ஒரு விதி தவறாகப் பதிந்திருப்பதால் வரும் பிழையையும் அவர் பிரித்துக் காட்டினார். முதலாவதை மாணவரே திருத்திக்கொள்வார். இரண்டாவதற்கு விளக்கம் வேண்டும். உங்கள் பட்டியல் இரண்டையும் பிரிப்பதில்லை, எந்தப் பிள்ளை எதைச் செய்கிறது என்றும் பார்ப்பதில்லை. மாவட்டம் முழுவதற்கும் ஒரே தாள்.

ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்பதற்கும் வருகிறேன். பள்ளி ஆய்வுக்கு வருபவர்களிடம் இதைப் பல வருடங்களாகக் கேட்டிருக்கிறேன். ஆங்கிலச் சூழல் வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள், புரிகிறது. வகுப்பில் பிள்ளைகள் நிறைய ஆங்கிலம் கேட்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓர் இலக்கண நுட்பத்தை விளக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் தமிழ் வேண்டாம் என்றால், பிள்ளைக்குத் தெரிந்த ஒரே இலக்கணத்தை வெளியே நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தச் சொல்கிறீர்கள். 2005இல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே, பிள்ளைகளின் பன்மொழி அறிவை வகுப்பறையின் வளமாகக் கொள்ளச் சொல்லியிருக்கிறது. 2012இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கிய பிறகு இந்தத் தடை இன்னும் இறுகியிருக்கிறது. ஆங்கிலவழியில் சேர்ந்த பிள்ளைகளும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள், அவர்கள் செய்யும் பிழைகளும் இதே பிழைகள்தான்.

தேர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாக் கோளாறும் அங்கிருந்துதான் கீழே இறங்குகிறது. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள் இருந்தன, 2019இல் அவை ஒன்றாக்கப்பட்டன. சுமை குறைந்தது, அதில் தவறில்லை. ஆனால் இப்போது பிழை திருத்தத்துக்கு ஐந்து தனி வாக்கியங்கள், ஐந்து மதிப்பெண். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வாக்கியங்கள். ‘ஒன் ஆஃப்’, ‘சீனியர் தேன்’, ‘ஆல்தோ – பட்’ என்று அதே வகைகள் சுற்றிச் சுற்றி வருவதால் மனப்பாடம் செய்ய வசதியாக இருக்கிறது. கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், தேதி என்று அமைப்புக்கு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது, உள்ளே இருக்கும் நான்கு வாக்கியங்களை யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை. விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன்: ஐந்துக்கு ஐந்து வாங்கிய தாளைப் புரட்டினால், அடுத்த பக்கத்தில் அதே ஐந்து பிழைகளும் இருக்கும்.

அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரிக்குப் போன பிறகு, 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் அரசே பணம் செலவழித்து ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தருகிறது. அந்தத் திட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் ‘டிட் நாட் கம்’ ஏழாம் வகுப்பில் கற்பிக்கப்பட வேண்டியது. பத்தொன்பது வயதில், எல்லோர் முன்னிலையிலும் கூச்சத்தோடு கற்க வேண்டியதல்ல.

ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது. கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் விவரங்களைப் பதிவேற்றுவது, நலத்திட்டப் பட்டியல், கூட்டம், பயிற்சி என்று அவர்கள் நேரம் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு வகுப்பின் கட்டுரை நோட்டுகளை ஒழுங்காகத் திருத்த இரண்டு மாலைகள் வேண்டும். அந்த நேரம் இல்லாதபோது கிடைத்த பட்டியலை ஒப்பிக்க வைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

இனி என் கோரிக்கைகள்.

இந்தப் பட்டியலை வைத்து நடக்கும் காலை ஸ்லிப் டெஸ்ட்டுகளையும் அவற்றின் மதிப்பெண் பதிவேற்றத்தையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பொதுத்தேர்வுக்கு இன்னும் இருக்கும் வாரங்களில், வாரத்துக்கு இரண்டு பாடவேளையாவது இலக்கணத்துக்கும் எழுதிப் பழகுவதற்கும் ஆசிரியர்கள் விருப்பம்போல் பயன்படுத்த எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுங்கள்.

மெல்லக் கற்போருக்கான ஆங்கிலக் கையேட்டைப் புதிதாகத் தயாரியுங்கள். அதைத் தயாரிக்கும் குழுவில் இப்போது கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆங்கில ஆசிரியர்களும், அவர்களுக்குச் சமமான எண்ணிக்கையில் தமிழாசிரியர்களும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் அது ஏன் வருகிறது, தமிழில் அதற்கு இணையான அமைப்பு என்ன, இணை இல்லையென்றால் எப்படிப் பழக்குவது என்று இருக்க வேண்டும். நூறு பிழைகள் வேண்டாம். அடிக்கடி வருபவை பத்தோ பன்னிரண்டோ போதும்.

அவற்றை ஆறாம் வகுப்பிலிருந்தே பிரித்து வையுங்கள். ‘ஐ ஆம் கோ’, ‘ஹி டாக்டர்’ போன்றவை ஆறில். ‘டிட் நாட்’ ஏழில், முதலில் எதிர்மறை, பிறகு கேள்வி. ஒருமை பன்மை இயைபு எட்டில், தமிழ்ப் பாடத்தோடு சேர்த்து. ‘ஹேவ் பீன்’, பிறர் கூற்று ஒன்பதில். பத்தாம் வகுப்பு புதிதாகக் கற்க அல்ல, எழுதிப் பழக. இந்த வரிசையில் மாற்றம் வேண்டுமென்றால் ஆசிரியர்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

பிழை திருத்தும் வினாவின் வடிவத்தை மாற்றுங்கள். தொடர்பில்லாத ஐந்து வாக்கியங்களுக்குப் பதிலாக, ஒரு மாணவர் எழுதியதுபோல் ஒரு சிறு பத்தியைக் கொடுத்து, அதில் இருக்கும் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். எந்த வாக்கியத்தில் பிழை என்பதையும் மாணவரே தேட வேண்டும். கடிதத்துக்கு விடைக்குறிப்பு தயாரிக்கும்போது அமைப்புக்கு இவ்வளவு, வாக்கியங்களுக்கு இவ்வளவு என்று பிரித்து, வாக்கியங்களுக்கு அதிகம் ஒதுக்குங்கள்.

ஆங்கில வகுப்பில் இலக்கணத்தைத் தமிழில் விளக்கலாம் என்று தெளிவான சுற்றறிக்கை ஒன்றை அனுப்புங்கள். ஆய்வுக்கு வருபவர்களுக்கும் அதன் நகல் போக வேண்டும். வட்டார அளவில் நடக்கும் பயிற்சிகளில் ஆண்டுக்கு ஒன்றையாவது தமிழ், ஆங்கில ஆசிரியர்கள் சேர்ந்து உட்காரும் பயிற்சியாக மாற்றுங்கள்.

கட்டுரை நோட்டுத் திருத்துவதற்கென்று கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். எல்லாப் பிழைகளையும் சிவப்பில் அடித்தாக வேண்டும் என்று ஆய்வில் வற்புறுத்தாதீர்கள். ஒரு வாரம் ஒரு வகைப் பிழையை மட்டும் ஓரத்தில் குறியிட்டு, மாணவரையே தேடித் திருத்த வைக்கும் ஆசிரியரைக் கடமை தவறியவராக ஆய்வுப் பதிவேட்டில் எழுதாதீர்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும் முன் இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஆங்கில ஆசிரியர்கள் அனைவருக்கும் தெரியும்படி எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை